கடல் கடந்த பந்தி

அயல்நாடு சென்று மீண்டோர் எழுதும் நூல்களை நான் விரும்பிப் படிப்பதுண்டு. அவற்றில் ஆறுகளின் மேல் அமைந்த பாலங்கள் வரும். வானளாவிய கோபுரங்கள் வரும். அரண்மனைகளும் காட்சிச்சாலைகளும் அணிவகுத்து வரும். ஆனால், அந்நாட்டில் காலடி வைத்த முதல் நாள் இரவு அவருக்குச் சோறிட்டவர் யார், நனைந்த துணியை எங்கே உலர்த்தினார், காய்ச்சல் கண்டபொழுது நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர் யார் என்னும் செய்திகள் பெரும்பாலும் வாரா. அவை சிறியன என்று எழுதுவோர் கருதுகின்றனர் போலும். எனக்கோ அவையே பெரியனவாகத் தோன்றும்.

என் மகள் இலண்டன் மாநகரில் மேற்படிப்பு முடித்துப் பட்டம் பெற்ற ஆண்டு 2018. அவ்விழாவைக் காணச் சென்ற நான் அந்நகரில் ஒன்பது நாள் தங்கினேன். மகள் வாழ்ந்த விடுதியில் விருந்தினர் தங்குதற்கு இடமில்லை. ஆதலின், பிட்சுராய் சதுக்கத்தில் 41ஆம் எண்ணுள்ள இந்திய ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் எனக்கு ஓர் அறை ஏற்பாடு செய்திருந்தாள். "கிறித்தவ இளைஞர் சங்கத்து விடுதியில் நெற்றியில் நீறணிந்த நான் தங்கலாமா?" என்று கேட்டேன். "அப்பா, அங்கே நீறும் உண்டு, நாமமும் உண்டு, தலைப்பாகையும் உண்டு. பருப்புக் குழம்பும் உண்டு" என்றாள். இறுதியிற் சொன்னதே என்னை இசையச் செய்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

அச்சதுக்கம் பழமையும் புதுமையும் ஒருங்கே குடியிருக்கும் இடம். இராபர்ட்டு ஆடம் என்னும் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் வகுத்த கல்வீடுகள் கிழக்கிலும் தெற்கிலும் வரிசையாக நிற்கின்றன. 29ஆம் எண் வீட்டில் நாடகப் பேராசிரியர் பெர்னாட்சா ஒரு காலத்திலும், கதையாசிரியை வர்சீனியா உல்ப்பு மற்றொரு காலத்திலும் வாழ்ந்தனர். அண்மையில் 1965ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற செய்தித்தொடர்புக் கோபுரம் மேகத்தை முட்டிக்கொண்டு நிற்கின்றது. இவற்றினிடையே ஆடம்பரம் சிறிதுமின்றி நிற்பது இந்திய மாணவர் விடுதி. அதனை நிறுவியவர் நம் சேலத்துக்காரர் என்பதை அறிந்தபொழுது எனக்கு உண்டான மகிழ்ச்சியை என்னென்பேன்! முப்பதாண்டுகள் தமிழாசிரியனாக இருந்தும் அதுகாறும் அச்செய்தியை நான் அறிந்திலேன்.

அவர் பெயர் கனகராயன் திருச்செல்வம் பால். கே. டி. பால் என்றே உலகம் வழங்கும். 1876ஆம் ஆண்டு சேலத்தில் பிறந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர். 1916ஆம் ஆண்டு இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச்செயலாளரானார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. அதுவரை வெள்ளையர் இருந்த நாற்காலி அது.

இச்சங்கம் தோன்றிய வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். இலண்டனில் ஒரு துணிக்கடையில் பணியாற்றியவர் சார்சு வில்லியம்சு என்னும் இளைஞர். நாட்டுப்புறத்திலிருந்து பிழைப்பு நாடி நகரம் வந்தவர். அக்காலத்துக் கடைச் சிப்பந்திகள் நாள் முழுதும் கடையில் உழைத்து, இரவில் அக்கடையின் மேல்மாடியிலேயே நெருக்கியடித்துப் படுப்பர். வீட்டை விட்டு வந்த இளைஞர்க்கு நகரத்தில் நல்ல துணை இல்லை என்பதைக் கண்ட வில்லியம்சு, தம் தோழர் சிலருடன் 1844ஆம் ஆண்டு இச்சங்கத்தைத் தொடங்கினார். சென்னையில் இது 1890ஆம் ஆண்டு வேரூன்றியது. ஊர்விட்டு ஊர் வந்தவர்க்குத் துணையாதல் என்பது இதன் பிறப்பிலேயே உள்ள குணம் என்க.

முதல் உலகப் போர் மூண்டபொழுது இந்தியப் போர்வீரர் ஆயிரக்கணக்கில் பிரான்சு நாட்டின் குளிரிலும் சேற்றிலும் கொண்டுபோய் நிறுத்தப்பட்டனர். அவருள் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊரில் உள்ள மனைவி மக்கட்குச் செய்தி சொல்ல வழியில்லை. அவர்கள் பொருட்டு இச்சங்கத்து ஊழியர் பாசறைகட்குச் சென்றனர். அரசினர் அவர்க்கு ஒரு கட்டுப்பாடு விதித்திருந்தனர். வீரரிடையே சமயம் பரப்புதல் கூடாது என்பது அது. ஊழியர் அதனை ஏற்றனர். வீரர் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதினர். வந்த கடிதங்களைப் படித்துக் காட்டினர். விளையாட்டும் இசைத்தட்டும் கொண்டு அவர்தம் ஏக்கத்தைத் தணித்தனர். சமயம் பேசாமல் சமயத்தொண்டு செய்யும் பயிற்சி அப்பாசறைகளில் அவர்கட்குக் கிடைத்தது என்று நான் கருதுகின்றேன்.

போர் ஓய்ந்ததும் இந்திய மாணவர் பெருந்தொகையினராக இலண்டனுக்குக் கல்வி பயிலச் சென்றனர். அங்கே அவர்க்கு நேர்ந்த முதல் தொல்லை உறையுள். பாடநூல் கிடைத்தது, பேராசிரியர் கிடைத்தார், படுக்க ஓர் அறை கிடைக்கவில்லை. விளம்பரம் கண்டு வீட்டின் கதவைத் தட்டினால், வீட்டுக்காரப் பெண்மணி கதவைப் பாதி திறந்து முகத்தைப் பார்ப்பாள். "அறை இப்பொழுதுதான் நிரம்பிவிட்டது" என்று சொல்லிச் சாத்திவிடுவாள். நிரம்பிய அறையின் விளம்பரம் மறுநாளும் சாளரத்தில் தொங்கும்.

இதனோடு மற்றொரு துன்பமும் இருந்தது. 1909ஆம் ஆண்டு மதன்லால் திங்கரா என்னும் இந்திய மாணவர் கர்சன் வைலி என்னும் ஆங்கில அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். அதன்பின் அரசினர் இந்திய மாணவர் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. மறு ஆண்டில் குரோம்வெல் சாலையில் 21ஆம் எண்ணுள்ள மனை இந்திய மாணவர்க்கென ஏற்படுத்தப்பட்டது. ஆயினும், அங்கே உண்ணும் சோற்றோடு உளவும் கலந்திருக்குமோ என்று மாணவர் அஞ்சினர். ஒருபுறம் கதவடைக்கும் வீடு. மறுபுறம் காதைத் தீட்டிக்கொண்டு திறந்திருக்கும் வீடு. இவ்விரண்டிற்கும் இடையில் நின்ற மாணவனின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

கே. டி. பால் 1920ஆம் ஆண்டு அவர்கட்கென ஒரு விடுதியை அமைத்தார். அது வெள்ளையர் இந்தியர்க்கு இரங்கி நடத்தும் அறச்சாலையாக இருத்தல் ஆகாது. இந்தியர் இந்தியர்க்காக நடத்துவதாக இருத்தல் வேண்டும். எச்சமயத்தாரும் தம் சமயத்தை வாயிலில் கழற்றி வைக்காமல் உள்ளே வரலாம் என்பது அதன் அமைப்பாயிற்று. அவ்விடுதி தொடங்கிய இடத்தின் கதையே சுவையானது. கெப்பல் தெருவில் சேக்சுபியர் பெயரால் நாடக அரங்கு எழுப்புவதற்கு அறிஞர் சிலர் ஒரு நிலம் வாங்கியிருந்தனர். போர் குறுக்கிட்டது. கவிஞர் மறைந்து முந்நூறாண்டு நிறைவுற்ற 1916ஆம் ஆண்டில், அந்நிலத்தில் நியூசிலாந்து வீரர் தங்குதற்கு ஒய்.எம்.சி.ஏ.வினர் ஒரு குடில் அமைத்து, அதற்குச் சேக்சுபியர் குடில் என்று பெயரிட்டனர். வீரர் ஊர் திரும்பியபின் அக்குடிலில் இந்திய மாணவர் புகுந்தனர். நாடகம் நடித்தற்கென்று வாங்கிய நிலத்தில், கடல் கடந்து வந்த நம் இளைஞர் ஒழுகும் கூரையை நோக்கியவாறு தம் வாழ்க்கை நாடகத்தின் முதற் காட்சியை நடித்தனர் எனலாம். (கூரை ஒழுகிற்றென்பது என் கற்பனை. ஆயினும், இலண்டன் மழையில் நனைந்த எவரும் என்னை மறுக்கமாட்டார்.) 1923ஆம் ஆண்டு விடுதி கோவர் தெருவிற்கு மாறியது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அவ்விடம் சிதைந்தது. பின்னர், 1950களின் தொடக்கத்தில், ரால்பு தப்சு என்பார் வரைந்த திட்டப்படி பிட்சுராய் சதுக்கத்தில் இன்றுள்ள கட்டடம் எழுந்தது.

அக்கட்டடத்தின் உணவுக்கூடத்திலேதான் நான் அண்ணாச்சியைக் கண்டேன்.

தட்டை ஏந்தி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். புலாலுணவு எது, மரக்கறி எது என்று அறியாமல் விழித்தபொழுது, "ஐயா, அது வேண்டாம், இந்தப் பக்கம் வாருங்கள். இது கொண்டைக்கடலை" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தாமிரபரணித் தண்ணீரிற் பிறந்த தமிழ் என்பது முதற் சொல்லிலேயே தெரிந்தது. திரும்பினேன். அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர் புன்முறுவலோடு நின்றார். நாசரேத்துப் பக்கத்து ஊரினர். பாளையங்கோட்டையில் பட்டம் பெற்று, மாணவரிடையே கிறித்தவ ஊழியம் செய்யும் பொருட்டு 1982ஆம் ஆண்டு வட இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழக நகரத்திற்கு வந்தவர். ஓய்வு பெற்றும் ஊர் திரும்பவில்லை. ஏதோ ஒரு கூட்டத்திற்காக இலண்டன் வந்து அவ்விடுதியில் தங்கியிருந்தார். எங்கள் அறைகளும் அடுத்தடுத்து அமைந்தன. ஆறு நாள் இருவரும் ஒரே மேசையில் உண்டோம்.

மாணவர் ஊழியம் என்றால் மேடைப்பேச்சும் மறைநூல் வகுப்பும் என்று நான் எண்ணியிருந்தேன். அவர் நாள்தோறும் செய்த பணியைக் கேட்டபொழுது அவ்வெண்ணம் மாறியது.

"முதல் ஆண்டு நான் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை, ஐயா. உயிரோடிருந்ததே பெரும்பணி" என்று தொடங்கினார். மார்கழியில் அந்நகரத்தில் காலை எட்டரை மணிக்கு மேல்தான் பொழுது விடியும். பிற்பகல் நான்கு மணிக்கு முன்னரே கதிரவன் மறைந்துவிடும். அவர் குடியிருந்த ஒற்றை அறையில் காசு போட்டால் எரியும் எரிவாயுக் கணப்பு ஒன்று இருந்தது. காசு தீர்ந்தால் கணப்பும் அணையும். கையில் மிஞ்சும் சில்லறையை உணவிற்குச் செலவிடுவதா, கணப்பிற்குச் செலவிடுவதா என்பது ஒவ்வோர் இரவும் எழும் வினா. துவைத்த சட்டை மூன்று நாளாகியும் உலராது. ஊரிலிருந்து நீலநிற வான்மடல் வருதற்கு இரண்டு கிழமை ஆகும். தொலைபேசியில் மூன்று நிமிடம் பேசினால் இரண்டு நாள் உணவுச் செலவு போய்விடும். ஆகவே, பேச வேண்டியவற்றை முன்னரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு, தாயிடம் ஒப்பிப்பதுபோல் படித்துவிடுவாராம். "அம்மா அழுதால் அதற்கு ஒரு நிமிடம் போய்விடும். ஆதலால் அழவேண்டாம் என்பதையும் எழுதி வைத்திருப்பேன்" என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அவ்வோராண்டுத் துன்பமே தமக்கு ஊழியத்தைக் கற்பித்தது என்றார். புதிய மாணவர்க்கு என்னென்ன இராது என்பதை அவர் தம் உடம்பால் அறிந்திருந்தார். இரண்டாம் ஆண்டில் புகைவண்டி நிலையத்திற்குச் சென்று நிற்கத் தொடங்கினார். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பெட்டியின் மேல் அமர்ந்து நாற்புறமும் விழிக்கும் கரிய முகங்களைத் தேடிச் செல்வார். கையில் இரண்டு கம்பளி மேலங்கிகள் இருக்கும். படிப்பு முடிந்து ஊர் திரும்புவோரிடம் அவற்றைக் கேட்டு வாங்கித் துவைத்து மடித்து வைத்திருப்பார். "ஒரே மேலங்கி ஒன்பது பேரைக் காத்திருக்கிறது, ஐயா. முதலில் அணிந்தவர் மதுரைக்காரர், கடைசியாக அணிந்தவர் நைசீரியாக்காரர்" என்றார். மேலங்கியின் உட்பையில் முன்னவர் விட்டுச்சென்ற பேருந்துச் சீட்டும், ஒருமுறை காய்ந்த கறிவேப்பிலைக் கொத்தும் கிடந்தனவாம்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் அவர் அறையில் சோறு உண்டு. துவரம் பருப்பு அந்நகரில் அந்நாளில் கிடையாது. மசூர்ப் பருப்பைக் குக்கரில் வேகவைத்து, குசராத்தியர் கடையில் வாங்கிய புளியைக் கரைத்து ஊற்றி, அதற்குச் சாம்பார் என்று பெயரிட்டிருந்தார். "பெயரில்தான் சாம்பார். ஆனால், நாற்பது நாள் தமிழ் பேசாமல் இருந்த பையன் அதை வாயில் வைத்ததும் பேசத் தொடங்கிவிடுவான்" என்றார். உணவிற்கு முன் அவர் கண்மூடித் தம் முறைப்படி நன்றி சொல்வார். மற்றவர் தத்தம் முறைப்படி அமைதியாக இருப்பர். ஒரு தைத்திங்களில் சிதம்பரத்து மாணவர் ஒருவர் பொங்கலிட விரும்பினார். எரிவாயு அடுப்பில் அண்ணாச்சியே பால் காய்ச்சிக் கொடுத்தார். பால் பொங்கிய வேகத்தில் புகையறிவிப்பு மணி அலறிற்று. கீழ்வீட்டு ஆங்கில மூதாட்டி தீயோ என்று ஓடி வந்து, செய்தி அறிந்து, ஒரு கரண்டி சருக்கரைப் பொங்கலும் வாங்கி உண்டு சென்றாளாம்.

எல்லாம் இப்படி நகைப்பாகவே முடிந்துவிடவில்லை. தேர்வில் தோற்றதை ஊருக்கு எழுத இயலாமல் மூன்று நாள் கதவைத் தாழிட்டுக்கொண்டிருந்த மாணவனின் அறை வாயிலில், மூன்று நாளும் இவர் நாற்காலி போட்டுக்கொண்டு செய்தித்தாள் படித்திருக்கிறார். "கதவைத் தட்டினீர்களா?" என்றேன். "தட்டவில்லை. தாளைப் புரட்டும் ஓசை உள்ளே கேட்கும் அல்லவா? நான் இருக்கிறேன் என்பது அவனுக்குத் தெரிந்தால் போதும்" என்றார். 1987ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் யாழ்ப்பாணத்தில் போர் மூண்டபொழுது, அவ்வூர் மாணவர் இருவர்க்குத் தம் வீட்டாரின் செய்தி கிடைக்கவில்லை. தொலைபேசி பேசவில்லை; மடலும் வரவில்லை. அவ்விருவரும் அண்ணாச்சியின் அறையில் தொலைபேசியின் இருபுறமும் படுத்துறங்கினர். நான்காம் கிழமையில் ஒருவருக்கு நற்செய்தி வந்தது. மற்றவருக்கு வந்த செய்தியை அண்ணாச்சி எனக்குச் சொல்லவில்லை. தட்டில் இருந்த சோற்றைச் சிறிது நேரம் பிசைந்துகொண்டிருந்தார்.

நான் ஒரு வினாவை அடக்கிவைத்திருந்தேன். நான்காம் நாள் கேட்டுவிட்டேன். "அண்ணாச்சி, குறை கூறுவதாக எண்ண வேண்டா. இத்தனையும் அவர்களைத் தங்கள் சமயத்திற் சேர்ப்பதற்கு விரித்த வலை என்று யாரேனும் சொன்னால் என்ன விடை கூறுவீர்கள்?"

அவர் சினவவில்லை. "சொன்னார்கள், ஐயா. நேரிலேயே சொன்னார்கள். ஊரில் எனக்குப் பொருளுதவி செய்தவர்கள் அதற்கு நேர்மாறாகக் கேட்டார்கள். ஆண்டறிக்கையில் எத்தனை பேர் மனம் மாறினர் என்னும் எண் இல்லையே என்று எழுதினார்கள். ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்னும் எண்ணை எழுதி அனுப்பினேன். மறு ஆண்டு உதவி பாதியாயிற்று. மாலையில் ஓர் அலுவலகத்தில் தரை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். கேட்டவர்க்கு என் ஆண்டவரைப் பற்றிச் சொன்னேன். கேளாதவர்க்குச் சோறு போட்டேன். சோற்றை விலையாக்கினால் அது அவருக்கும் இழுக்கு; எனக்கும் இழுக்கு" என்றார்.

இந்த விடை எனக்கு முழுதும் நிறைவளித்ததா என்று கேட்பீராயின், என் சமயத்தைச் சார்ந்து நின்று நான் இன்னும் சில வினாக்களை எழுப்பக்கூடும். ஆனால், தரை துடைத்துச் சோறிட்டவர் முன்னிலையில் அவ்வினாக்களை எழுப்ப எனக்கு நா எழவில்லை.

அன்று இரவு அவர் அசரியாவைப் பற்றிப் பேசினார். வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874ஆம் ஆண்டு நெல்லைச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தவர். இவரும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி மாணவரே. 1895ஆம் ஆண்டு முதல் ஒய்.எம்.சி.ஏ.வில் மாணவரிடையே ஊழியம் செய்தவர். 1902ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் சென்றபொழுது, அங்குள்ள தமிழ்க் கிறித்தவர் தாமே பொருள் திரட்டிப் பாக்கு நீரிணையைக் கடந்து தொண்டியில் ஊழியம் நடத்திவருவதைக் கண்டார். பிறர் கையை எதிர்பாராமல் நம்மவர் நடத்தும் தொண்டு அவர் நெஞ்சைத் தொட்டது. மறு ஆண்டே நெல்லையில் அத்தகைய சங்கம் ஒன்று அவர் முயற்சியால் எழுந்தது. 1907ஆம் ஆண்டு உலக மாணவர் கிறித்தவ மாநாட்டிற்குச் சப்பான் நாட்டுத் தோக்கியோ நகரம் சென்றார். 1909ஆம் ஆண்டு, தெலுங்கு வழங்கும் தோர்ணக்கல்லுக்குக் குடிபெயர்ந்து, முப்பத்தைந்து வயதில் புதிய மொழியின் நெடுங்கணக்கை எழுதக் கற்றார். 1912ஆம் ஆண்டு ஆங்கிலத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

அண்ணாச்சி விரித்துரைத்தது 1910ஆம் ஆண்டு சூன் மாதம் காட்லாந்து நாட்டு எடின்பரோவில் நடந்த உலக ஊழிய மாநாட்டை. ஆயிரத்திற்கு மேற்பட்ட பேராளர் கூடிய அப்பேரவையில் ஆசியர் இருபதின்மர்கூட இலர். இந்தியாவில் பணிபுரியும் வெள்ளை ஊழியர்க்கும் இந்திய ஊழியர்க்கும் உள்ள உறவு குறித்துப் பேசுமாறு அசரியாவைப் பணித்தனர். அவர் புகழுரை கூறி அமரவில்லை. பல்லாண்டுகள் ஒருங்கு உழைத்தும், ஒருவர் வீட்டில் ஒருவர் அமர்ந்து உண்ணாத நிலையை எடுத்துரைத்தார். பொருள் தந்ததையும் உயிரைத் தந்ததையும் நன்றியோடு ஒப்புக்கொண்டார். இனி நட்பைத் தாருங்கள் என்று வேண்டி முடித்தார். அவையில் சிலர் கையொலி எழுப்பினர். சிலர் முகம் சிவந்தனர். விருந்தினராக அழைக்கப்பெற்ற நாட்டில் நின்றுகொண்டு, விருந்தோம்பல் குறைவு என்று சொல்வதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்!

"நான் வந்த நகரத்திலும் கோவிலில் கைகொடுப்பார்கள், ஐயா, வழிபாடு முடிந்ததும் தேநீர் கொடுப்பார்கள். வீட்டிற்கு வா என்று அழைக்க இரண்டு ஆண்டு ஆயிற்று. முதலில் அழைத்தவள் அந்தப் பொங்கல் உண்ட கிழவிதான்" என்றார் அண்ணாச்சி.

அறைக்குத் திரும்பியபின் எனக்கு உறக்கம் வரவில்லை. 'விருந்து' என்னும் சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று நாம் அறுசுவை உண்டியை விருந்து என்கின்றோம். உற்றார் உறவினர் கூடி உண்பதை விருந்து என்கின்றோம். பழந்தமிழில் அச்சொல்லின் பொருள் புதுமை என்பதாகும். தொல்காப்பியர் புதுவதாகப் புனையும் நூல்வகையை 'விருந்து' என்னும் பெயரால் வனப்பு எட்டனுள் ஒன்றாக வைத்தார். புதிதாய் வந்தவர், முன்பின் அறியாதவர், அவரே விருந்தினர். திருக்குறளில் விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரம் அமைந்திருக்கின்றது. சுற்றத்தாரைப் பேணுவதற்குச் சுற்றந்தழால் என்னும் வேறோர் அதிகாரம் அமைந்திருக்கின்றது. இரண்டும் வெவ்வேறு அறங்கள் ஆதலின் வள்ளுவர் பிரித்து வைத்தார். நாம் பின்னதைச் செய்துவிட்டு முன்னதைச் செய்ததாகக் கணக்கெழுதிக்கொள்கின்றோம். வகுப்பில் இவ்வதிகாரத்தை எத்தனையோ முறை நடத்தியவன் நான். பிட்சுராய் சதுக்கத்தில் கொண்டைக்கடலைத் தட்டோடு நின்றபொழுது, முதன்முறையாக அவ்வதிகாரத்தின் விருந்தினன் நானே ஆனேன்.

கே. டி. பால் 1930ஆம் ஆண்டு வட்டமேசை மாநாட்டிற்கு இலண்டன் சென்றார். சமயந்தோறும் தனித்தொகுதி வகுத்தலை அவர் விரும்பவில்லை. கிறித்தவர்க்கும் அது வேண்டா என்றார். மறு ஆண்டு ஏப்பிரல் மாதம் சேலத்தில் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. அவர் அமைத்த பந்தியில் நூறாண்டுகளாகச் சோறு பரிமாறப்படுகின்றது. இலண்டன் வீடுகளின் கதவுகள் உடனே திறந்துவிட்டனவா என்றால், இல்லை. நிறத்தைக் காட்டி அறை மறுக்கும் அறிவிப்புகள் பின்னும் பல்லாண்டு தொங்கின. வீடு வாடகைக்கு விடுவதில் இனவேற்றுமை காட்டுதல் முறையன்று என்று பிரித்தானியச் சட்டம் 1968ஆம் ஆண்டில்தான் விதித்தது.

எங்கள் வல்லக்கோட்டையில் முருகன் கோயிலுக்குப் பெயர் மிகுதி. அருணகிரிநாதர் பாடிய தலம். ஏழடி உயர்ந்த திருமேனி. ஆடிக் கிருத்திகையில் அன்னம் பாலிக்கும் பந்தியில் எந்த ஊர், என்ன மொழி என்று எவரும் எவரையும் கேளார். முன்பு எங்கள் ஊரைச் சுற்றி ஏரியும் நெல்வயலும் இருந்தன. இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தொழிற்சாலைகள் நெருங்கி நிற்கின்றன. ஒடிசா, பீகார், அசாம் முதலிய நாடுகளிலிருந்து இளைஞர் வந்து அவற்றில் உழைக்கின்றனர். கொரிய நாட்டாரையும் சப்பானியரையும் சாலையோரத் தேநீர்க்கடைகளிற் காணலாம். ஓர் அறையில் எட்டுப் பேர் தங்கி, பகல் வேலைக்குப் போவோர் எழுந்த பாயில் இரவு வேலை முடித்தோர் படுப்பர். வில்லியம்சு கண்ட மேல்மாடி இதுதானே என்று நான் எண்ணுவதுண்டு. இலண்டனிலிருந்து மீண்ட சில திங்களில், எங்கள் ஊருக்கு அண்மையில் ஒரு வீட்டின் சுவரில், 'வீடு வாடகைக்கு. வெளிமாநிலத்தவர்க்கு இல்லை' என்று எழுதியிருக்கக் கண்டேன். தமிழில் ஒற்றுப்பிழையின்றி எழுதப்பட்டிருந்தது.

இப்பொழுது மாலை நேரங்களில் ஒடிய இளைஞர் நால்வர் என் வீட்டுத் திண்ணைக்கு வருகின்றனர். பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கக் கற்றுத்தருமாறு கேட்டே முதலில் வந்தனர். நெடுங்கணக்கு முடிந்து சொற்கள் தொடங்கிவிட்டோம். அவர்தம் தாய்மொழியிலும் ளகர ஒலி உண்டாதலால், 'பள்ளி', 'வெள்ளி' என்னும் சொற்களை நம் பிள்ளைகளைவிடச் செவ்வையாக ஒலிக்கின்றனர். ழகரந்தான் அவர்களை வாட்டுகின்றது. அது நம்மவரையும் வாட்டுவதே என்று சொல்லித் தேற்றியிருக்கின்றேன். பாடம் முடிந்ததும் என் மனைவி தோசை வார்ப்பாள். அவர்கள் ஒருமுறை தங்கள் ஊர் முறைப்படி பருப்பும் காய்களும் சேர்த்து வேகவைத்த தாள்மா என்னும் குழம்பைத் தூக்கில் கொண்டுவந்தனர். புளியில்லாத சாம்பார் என்று என் மனைவி தீர்ப்பளித்தாள். ஆயினும் இரண்டாம் முறை வாங்கி உண்டாள்.

அவர்களுள் மூத்தவனுக்கு வரும் ஐப்பசியில் மனைவியும் கைக்குழந்தையும் ஊரிலிருந்து வருகின்றனர். எண்மர் படுக்கும் அறைக்கு அவர்களை எங்ஙனம் அழைத்துச் செல்வான்? அந்தச் சுவரெழுத்து வீட்டுக்காரரை நான் சென்று கண்டேன். அவர் என் பழைய மாணவரின் தந்தை. "வாத்தியாரையா, அவர்கள் யார், எவர் என்று நமக்கு என்ன தெரியும்? நீங்கள் பிணை நிற்பீர்களா?" என்றார். நிற்பேன் என்றேன். ஒரு நாழிகை யோசித்தார்; குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டார்; ஞாயிற்றுக்கிழமை வந்து வீட்டைப் பார்க்கட்டும் என்றார். எந்தக் குழாயில் உப்புநீர் வரும், எதில் குடிநீர் வரும் என்பதை அப்பையனுக்கு முன்னரே சொல்லி வைத்தல் வேண்டும்.